காஸ்மோபிளீன், காஸ்மோதீன்: ஜூரோங் தீவு மூட்டையை நம்பி மிஷின் ஓட்டலாமா?

25 கிலோ மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளினால் பிபி (பாலிபுரோப்பிலீன்) பிளாஸ்டிக் குருணையும் எல்டிபிஇ (குறைந்த அடர்த்தி பாலிஎத்திலீன்) குருணையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பருப்பளவு, பால் வெள்ளை, மெழுகு போன்ற வழுவழுப்பு. நகத்தால் அழுத்திப் பாருங்கள்: எல்டிபிஇயில் தடம் விழும், பிபியில் சுலபத்தில் விழாது. அதற்கு மேல் கண்ணும் கையும் எதையும் சொல்லாது. மீதியெல்லாம் மூட்டையில் அச்சிட்ட கிரேடு (ரகம்) எண்ணிலும், லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணிலும்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் துவாஸிலோ உட்லண்ட்ஸிலோ இரண்டு மூன்று மிஷின் வைத்து டப்பா, மூடி, பை செய்பவர்களுக்கும், அவர்களிடம் மொத்தமாக வாங்கும் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் பயன்படும்படி இந்த மதிப்பீட்டை எழுதுகிறோம்.

மூட்டைமேல் காஸ்மோபிளீன் என்றிருந்தால் உள்ளே பாலிபுரோப்பிலீன், அதாவது பிபி. காஸ்மோதீன் என்றால் எல்டிபிஇ. இவிஏ (எத்திலீன் வினைல் அசிடேட்) என்ற இன்னொரு சரக்கும் காஸ்மோதீன் என்ற பெயரோடுதான் வருகிறது. ஆகவே காஸ்மோதீன் வாங்கும்போது மட்டும் பில்லை இரண்டு தடவை படியுங்கள். எல்லாவற்றையும் செய்வது தி பாலியோலெஃபின் கம்பெனி, தொழிலில் டிபிசி என்றால் தெரியும். ஜப்பானின் சுமிட்டோமோ கெமிக்கல் முன்னின்று தொடங்கிய கூட்டு நிறுவனம், 1984 முதல் உற்பத்தி. ஆலை எழுந்த இடம் அன்று புலாவ் ஆயர் மெர்பாவ் என்ற தனித் தீவு. பிறகு ஏழு தீவுகளுக்கு நடுவிலிருந்த கடலைத் தூர்த்து ஒன்றாக்கியதில் அது ஜூரோங் தீவுக்குள் கலந்துவிட்டது. அனுமதி அட்டை இல்லாமல் அங்கே நுழைய முடியாது என்பதால் ஆலை வாசலில் போய் மூட்டை வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. விநியோகஸ்தர் வழியாகத்தான் சரக்கு வரும்.

ரெசினுக்கு, அதாவது இந்தக் குருணைச் சரக்குக்கு, நல்லது கெட்டது என்று மார்க் போடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த மாதம் வந்த லாட்டும் போன மாதம் வந்த லாட்டும் ஒரே மாதிரி ஓடுகிறதா? அதை எம்எஃப்ஐ என்ற எண் காட்டிக்கொடுத்துவிடும். உருகிய பிளாஸ்டிக் ஒரு சிறு துளை வழியாக 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்பதே எம்எஃப்ஐ. பிபிக்கு 230 டிகிரி, எல்டிபிஇக்கு 190 டிகிரி, இரண்டுக்கும் 2.16 கிலோ எடை. சோதனைச் சூடே வேறாக இருப்பதால் பிபியின் 2-ஐயும் எல்டிபிஇயின் 2-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பலர் ஒப்பிட்டு ஏமாறுகிறார்கள். 12 எம்எஃப்ஐக்குச் செட்டிங் போட்ட மிஷினில் 15 போனால் அச்சின் ஓரத்தில் ஃப்ளாஷ் பிதுங்கும். 9 போனால் மூலை நிறையாமல் ஷார்ட் ஷாட். ஆபரேட்டர் பாவம், ஷிஃப்ட் முழுக்கப் பிரஷரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார். லாட்டுக்கு லாட் சோதனைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். தரவுத்தாளில் இருப்பது வழக்கமான மதிப்பு, சான்றிதழில் இருப்பதுதான் உங்கள் மூட்டைக்குள் இருப்பது. பெரிய ஆலையின் முதல்தரச் சரக்குக்கு அதிக விலை கொடுப்பதே இந்த ஒரே சீரான ஓட்டத்துக்காக. அந்த அளவுகோலில் ஜூரோங் தீவுச் சரக்கை எந்தத் தயக்கமும் இல்லாமல் வாங்கலாம் என்பது எங்கள் கருத்து. தப்பு நடக்கும்போது பெரும்பாலும் அது கிரேடு தேர்விலோ கிடங்கிலோ மிஷினிலோதான் நடக்கிறது.

பிபியில் மூன்று குடும்பம். ஹோமோபாலிமர் விறைப்பானது, சூடு தாங்கும், உருகுநிலை 160 முதல் 165 டிகிரி வரை. ஆனால் குளிரில் உடையும். பூச்சியம் டிகிரியை ஒட்டி அது கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. ரேண்டம் கோபாலிமரில் கொஞ்சம் எத்திலீன் சேர்ந்திருக்கும். தெளிவாகத் தெரியும், உருகுநிலையும் குறைவு. பிளாக் கோபாலிமருக்குள் ரப்பர் துகள் போன்ற பகுதி இருப்பதால் ஃபிரீசரிலும் அடி தாங்கும், தெளிவு மட்டும் இருக்காது.

கடையில் விற்கும் ஒரு கிலோ இட்லி மாவு டப்பாவை எடுத்துக்கொள்வோம். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் இருக்கிறது. மாவு தெரிய வேண்டும், அப்போதுதான் வாங்குவார்கள். அங்கே ஹோமோபாலிமர் போட்டால் டப்பா கைதவறி விழும்போது கேட் (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) இருக்கும் அடிப்பக்கத்திலிருந்து நட்சத்திர வடிவில் விரிசல் ஓடும். ரேண்டம்தான் சரி. அதே கடைக்காரர் அதே டப்பாவில் உறைந்த பரோட்டா போட்டு மைனஸ் 18-இல் வைத்தால் ரேண்டமும் கைவிடும். பிளாக்குக்குப் போகவேண்டும், தெளிவை விட்டுக்கொடுக்கவேண்டும். இரண்டையும் ஒரே டப்பாவில் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. இருக்கிறது என்று சொல்லி விற்பவரிடம் ஒரு டப்பாவை வாங்கி இரவு ஃபிரீசரில் வைத்து, காலையில் இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ரேண்டம் கிரேடில் தெளிவு கூட்டும் மருந்து சேர்ந்திருந்தால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு: உருக்கு (உருகிய பிளாஸ்டிக்) போதிய சூட்டில் இருந்தால்தான் அது முழுசாகக் கரையும். மின்சாரம் மிச்சம் பிடிக்க பேரலை (மிஷினில் குருணை உருகும் உருளையை) 190 டிகிரியில் ஓட்டிவிட்டு டப்பா மங்கலாக இருக்கிறது, ரெசின் சரியில்லை என்று புகார் போடுவது வழக்கமாக நடக்கிறது. 220-க்கு மேல் ஏற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம். அச்சின் உட்பக்கம் மெருகு குறைந்திருந்தாலும் மங்கல்தான் வரும், எந்த ரெசினாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

பொட்டலச் சாப்பாட்டு டப்பாவின் சுவர் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை நிரப்ப எம்எஃப்ஐ 40-க்கு மேல் வேண்டும். 12 எம்எஃப்ஐ சரக்கு கையில் இருக்கிறதே என்று பேரலை 270 டிகிரிக்கு ஏற்றி நிரப்பினால் டப்பா நிறையும். கூடவே ஒரு எண்ணெய் வாடையும் வரும், சூடான சோறு போட்டதும் அது மேலே கிளம்பும். பிபி சூட்டில் சங்கிலி அறுபடும் சரக்கு. ரன்னரை (அச்சின் வழித்தடத்தில் உறைந்து நிற்கும் மிச்சத்தை) அரைத்துத் திரும்பப் போடும்போதும் இதே கதைதான், ஒவ்வொரு தடவை பேரலைக் கடக்கும்போதும் எம்எஃப்ஐ ஏறிக்கொண்டே போகும். 10 முதல் 20 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது, உணவு டப்பாவில் சொந்த மிஷினின் சுத்தமான ரன்னர் மட்டும்.

மூடி பொருந்தாத வழக்கு தனி. பிபி 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும், அச்சிலிருந்து வெளியே வந்த பிறகும் படிகம் கட்டிக்கொண்டே சுருங்கும். உடனே அளந்து சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டு அளக்கவேண்டும். இன்னொரு வேடிக்கை: வெள்ளை மூடி கச்சிதமாகப் பொருந்துகிறது, அதே அச்சு, அதே லாட், அதே செட்டிங், நீல மூடி மட்டும் இறுக்கமாக இருக்கிறது, லேசாக வளைந்தும் இருக்கிறது. குற்றவாளி நீல மாஸ்டர்பேட்ச், அதாவது நிறத்துக்காகக் கலக்கும் செறிந்த வண்ணக் குருணை. தாலோசயனைன் வகை நீலமும் பச்சையும் பிபிக்குள் படிகம் கட்டுவதைத் துரிதப்படுத்தி, சுருக்கத்தை மாற்றிவிடும். ரெசினை மாற்றிப் பயனில்லை. மாஸ்டர்பேட்ச் விற்பவரிடம் வளைவு குறைந்த நீலம் கேட்டு வாங்கவேண்டும்.

மடக்கு மூடிக்கு, சாஸ் புட்டியில் இருக்குமே அந்தக் கீலுக்கு, ஹோமோபாலிமரைப் போல ஒன்றும் உழைக்காது. கீல் 0.25 முதல் 0.5 மிமீ வரை, உருக்கு கீலைக் குறுக்கே கடந்து போகும்படி கேட், அச்சிலிருந்து சூடாக எடுத்த கையோடு ஓரிரு தடவை மடக்கிவிடுவது, இவ்வளவுதான். பிளாக் சரக்கில் செய்தால் மடக்கிய கோடு வெளுத்துப்போகும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மாட்டும் துணிக் கவ்வி சில மாதத்தில் விரலில் பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். பொதுப் பயன்பாட்டு பிபி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் புற ஊதாக் காப்பு இல்லாமல் வெளியே வைத்தால் இதே கதிதான். காப்பு மருந்து கலந்த கிரேடோ, அந்த மருந்துள்ள மாஸ்டர்பேட்ச்சோ தேவை. கவ்வியின் விலைக்கு அது கட்டுப்படியாகாது என்று செய்பவர்களுக்குத் தெரியும், வாங்குபவர்களுக்குத்தான் தெரிவதில்லை. தாமிரம் தொடும் இடத்திலும் சாதாரண பிபி சீக்கிரம் கெடும்.

சாம்பார் டப்பா மஞ்சளாவது குறையல்ல என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிவிடலாம். மஞ்சள் நிறம் எண்ணெயில் கரைவது, பிபியும் எண்ணெயோடு ஒட்டும் இனம். கழுவிய டப்பாவை வெயிலில் வைத்தால் கறை மங்கும். எண்ணெய் மிதக்கும் குழம்பை டப்பாவோடு மைக்ரோவேவில் வைப்பது வேறு விஷயம்: தண்ணீர் 100 டிகிரியில் நின்றுவிடும், எண்ணெய் நிற்காது. குழம்பு மட்டம் இருந்த இடத்தில் வளையமாக அரித்த தடம் வருவது அதனால்தான்.

எல்டிபிஇக்கு வருவோம். ஆயிரக்கணக்கான பார் அழுத்தத்தில் எத்திலீனிலிருந்து செய்வது. கிளைகள் நிறைந்த மூலக்கூறு, ஆகவே மென்மை, தெளிவு, சூட்டில் ஒட்டும் குணம். பைக்கு எம்எஃப்ஐ 2 சுற்று, ஊசி அச்சில் செய்யும் மென்மூடிக்கு 30-க்கு மேல், காகிதக் கோப்பையின் உட்பூச்சுக்கு 7 சுற்று. காகிதப் பூச்சுக்கு உருக்கு 300 டிகிரிக்கு மேல் போகவேண்டும், மேற்பரப்பு கொஞ்சம் ஆக்சிஜன் ஏறினால்தான் காகிதத்தைப் பிடிக்கும். வழுக்கு மருந்து (ஃபிலிம் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கச் செய்வது) கலந்த கிரேடை அதில் போட்டால் பூச்சு தோலாக உரிந்து வரும்.

பை வாங்குபவர் கணக்கு இது. 25க்கு 35 செமீ பை, 30 மைக்ரான். இரு பக்கமும் சேர்த்து 0.175 சதுர மீட்டர், கன அளவு 5.25 கன செமீ, அடர்த்தி 0.922 என்றால் ஒரு பை 4.84 கிராம். கிலோவுக்கு 206 பை. விற்பவர் கிலோவுக்கு 250 பை என்றால் மைக்ரான் 25-க்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். தராசு போதும், மைக்ரோமீட்டர் வேண்டாம். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வசூலிக்கிறார்கள் அல்லவா, காசு கொடுத்து வாங்கிய பை அறுந்தால் ஜனங்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

வழுக்கு மருந்து பற்றித்தான் அதிகச் சண்டை வருகிறது. ஃபிலிம் ஊதிய அன்று பை வாய் திறக்காது. மருந்து உள்ளேயிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அவசரப்பட்டு அதிக மருந்துள்ள கிரேடுக்கு மாறினால் அடுத்த வாரம் மை ஒட்டாது, சீல் பிரியும், உருளையில் வெள்ளைப் பொடி சேரும். பையில் கடைப்பெயர் அச்சிட வேண்டுமென்றால் ஊதும்போதே கொரோனா (மேற்பரப்பில் மின்பொறி பாய்ச்சுவது) கொடுத்து 38 டைன் (மை பிடிக்கும் தன்மையின் அளவு) வந்திருக்கிறதா என்று பேனாவால் கோடிழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்பட்ட ரோலில் டைன் இறங்கியிருக்கும், அச்சுக்குக் கொடுக்கும் அன்றும் மறுபடி பாருங்கள்.

ஊதும் ஃபிலிம் குமிழான பபுளில் மீன்கண் போலப் புள்ளி வந்தால் அது ஜெல், அதாவது உருகாத கட்டி. எல்டிபிஇ அதிகச் சூட்டில் பிபிக்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்: சங்கிலி அறுபடுவதைவிட ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மிஷினைச் சூட்டோடு நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால் முதல் அரைமணி ஜெல்தான். 150 முதல் 180 டிகிரிக்குள் ஓட்டுங்கள், நிறுத்தும்போது சூட்டைக் குறைத்துவிட்டு நிறுத்துங்கள். வடிகட்டி வலையை மாற்றியும் புள்ளி தொடர்ந்தால் அப்போது லாட் எண்ணோடு புகார் செய்யலாம்.

கொதிக்கும் ரசத்தையும் தேத்தண்ணீரையும் எல்டிபிஇ பையில் ஊற்றித் தராதீர்கள். 105 முதல் 115 டிகிரியில் உருகும் சரக்கு, 90-ஐத் தாண்டும்போதே தளர்ந்து முடிச்சுப் பக்கம் நீளும். சூட்டுக்குப் பிபி பையோ எச்டிபிஇ (அதிக அடர்த்தி பாலிஎத்திலீன்) பையோதான். பிபி பை கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் போடும், எல்டிபிஇ பை சத்தமில்லாமல் மடங்கும். கடையில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம்.

இவிஏ எல்லாருக்கும் தேவைப்படாது. செருப்பு நுரை, ஒட்டுப்பசை, உறைபெட்டி ஃபிலிம் செய்பவர்களுக்கு மட்டும். வினைல் அசிடேட் சதவீதம் ஏற ஏற மென்மை கூடும், உருகும் சூடு இறங்கும், குருணை ஒன்றோடொன்று ஒட்டும். வெயிலில் நின்ற லாரியிலிருந்து இறக்கிய மூட்டை செங்கல் போலக் கட்டியாகி வருவது இதனால். ஹாப்பர் (மிஷினில் குருணை கொட்டும் தொட்டி) கழுத்தில் குளிர்நீர் ஓடாவிட்டால் அங்கேயே பாலம் கட்டிக்கொள்ளும். உருக்கு 230 டிகிரி பக்கம் போனால் புளிக்காடி வாடை அடிக்கும். அது அசிடிக் அமிலம், ஸ்க்ரூவையும் டையையும் அரிக்கும். வேலை முடிந்ததும் எல்டிபிஇ போட்டுக் கழுவிவிட்டுத்தான் மிஷினை அணைக்கவேண்டும். எல்டிபிஇயில் பழகிய ஆபரேட்டர் சூட்டை மாற்றாமல் இவிஏவை ஏற்றினால் என்ன ஆகும் என்று மூக்கே சொல்லும்.

கிடங்கு. பிபியும் எல்டிபிஇயும் ஈரம் குடிக்காது, உலர்த்தத் தேவையில்லை என்று புத்தகத்தில் இருக்கும். நம்மூர்க் காற்றில் குளிரூட்டிய கிடங்கிலிருந்து எடுத்த மூட்டையை உடனே பிரித்தால் குருணைமேல் பனி பூக்கும். டப்பாவில் வெள்ளிக் கோடு விழும். மூடிய மூட்டையை முந்தின நாளே மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டால் சரியாகிவிடும், அவசரமென்றால் பிபியை 80 டிகிரியில் ஓரிரு மணி நேரம். டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் மூடிய கிடங்கில் நெடுநாள் கிடந்த வெள்ளைச் சரக்கு இளஞ்சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறலாம்: புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு, ரெசினிலுள்ள காப்பு மருந்தோடு சேர்ந்து செய்யும் வேலை. ரெசின்மேல் பழிபோடும் முன் ஃபோர்க்லிஃப்டைப் பாருங்கள்.

சிந்திய குருணையைத் தண்ணீர் அடித்து வடிகாலில் தள்ளாதீர்கள். மிதக்கும், கடலுக்குப் போகும். 2021-இல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து சுமார் 1,680 டன் குருணை கொட்டி இலங்கைக் கரையில் ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டோம். அந்தக் கப்பல் அடுத்து வரவேண்டிய துறைமுகம் சிங்கப்பூர். துடைப்பமும் வடிகால் வாயில் ஒரு சல்லடையும் போதும்.

உணவுக்கு என்றால் கேட்கவேண்டிய காகிதம்: அமெரிக்க விதி 177.1520 பிபிக்கும் எல்டிபிஇக்கும், 177.1350 இவிஏவுக்கு, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி என்றால் 10/2011. கேட்டால் விநியோகஸ்தர் கிரேடு வாரியாகத் தரவேண்டும். அந்தக் காகிதம் வெறும் ரெசினுக்கு மட்டும். வண்ணம் சேர்த்தால் மாஸ்டர்பேட்ச்சுக்குத் தனிக் காகிதம். ஹலால் வாடிக்கையாளர் இருந்தால் அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஆர்டர் கொடுத்த பிறகு கேட்டால் இழுக்கும்.

விலை அமெரிக்க டாலரில், டன் கணக்கில், மூலப்பொருளான நாப்தாவும் புரோப்பிலீனும் ஏறி இறங்குவதற்கேற்ப ஆடும். விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாளி, குப்பைத்தொட்டி, கிடங்குப் பெட்டி செய்பவர்கள் இந்தப் பெயருக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்கத் தேவையில்லை. மத்தியக் கிழக்கு, கொரியச் சரக்கிலேயே வேலை நடந்துவிடும். மெல்லிய சுவர் டப்பா, தெளிவான டப்பா, மருத்துவப் பொருள் என்றால் கொடுங்கள். மலிவாக வரும் ஆஃப் கிரேடு சரக்கு ஒரு கிரேடிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இடையில் விழுந்ததாக இருக்கலாம். தப்பில்லை, ஆனால் அது ஒருமுறை வருவது, மறுமுறை அதே குணத்தில் கிடைக்காது. மூட்டை வாயில் இரண்டு முறை தைத்த ஊசித்துளை தெரிந்தாலோ லாட் எண் சுரண்டப்பட்டிருந்தாலோ இறக்க விடாதீர்கள்.

புதிய கிரேடுக்கு மாறும்போது முதலில் நான்கு மூட்டை, 100 கிலோ. பழைய சரக்கு முழுசாக வெளியேறும்வரை அடித்ததை ஒதுக்கிவையுங்கள். பழைய செட்டிங்கிலேயே ஓட்டி, நிரம்பும் அழுத்தம், சைக்கிள் நேரம், பத்து டப்பாவின் எடை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம்தான் சூட்டில் கைவைக்கவேண்டும். இரண்டு நாள் கழித்து மூடியை மாட்டிப் பாருங்கள். அடுத்த லாட்டிலும் அதற்கடுத்த லாட்டிலும் அந்த மூன்று எண்ணும் கிட்டத்தட்ட அப்படியே வந்தால் பேலட் கணக்கில் ஆர்டர் கொடுங்கள்.